உட்காரக் கூடாத ஸ்டூல்

சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சிதம்பரம் மேலவீதியில் நான் சூப்பர்வைசராக இருக்கும் ஜவுளிக்கடையில் கவுண்டருக்கு ஒன்று வாங்கிப் போட்டார்கள். உட்காரத்தான் கூடாது. உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் கடையில் வியாபாரம் இல்லை என்று கஸ்டமர் நினைப்பாராம், முதலாளியின் கண்டுபிடிப்பு. ஆகவே அதன்மேல் எப்போதும் ஒரு ஜாக்கெட் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கும். சோதனைக்கு அதிகாரி வந்தால் மட்டும் கட்டை இறக்கிவிட்டுப் பெண்களை உட்காரவைப்போம். எங்கள் கடையில் கால் வலிக்காத ஒரே ஜென்மம் அந்தத் துணிக்கட்டுதான்.

புடவைப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். கீரப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஐம்பதை நெருங்கும் வயது, பிரஷர் மாத்திரை, சாயங்காலத்துக்குள் கொலுசு சதையில் பதிந்துவிடும் அளவுக்கு வீங்கும் கால்கள்.

அந்த வருடம் கடலூர்க் கிளையில் எங்களைப் போன்ற சூப்பர்வைசர்களுக்கு மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி வைத்தார் முதலாளி. ஏசி, பிஸ்கட், டீ. நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. பொய் சொல்ல மாட்டேன், உடம்பு லேசாகத்தான் ஆனது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனே! மறுநாள் காலையில் பெண்களை வரிசையாக நிற்கவைத்து அதையே சொல்லிக்கொடுத்தேன்.

தீபாவளி நெருங்கிய ஒரு மத்தியானம் அக்கா என்னிடம் வந்தார். "காலு ரெண்டும் கடுக்குது சார். செத்த உக்காந்துக்கட்டுமா?"

"டென்ஷன் ஆவாதீங்கக்கா. மூச்ச இழுத்து வுடுங்க, சரியாப் பூடும்."

"மூச்சு நல்லாத்தான் சார் இருக்குது. காலுதான்..."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அன்றிலிருந்து அவரை 'மூச்சு அக்கா' என்றே கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு புடவை மடிப்பார்.

நான்காம் நாள், ஒரு பட்டுப்புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பிடிமானத்துக்கு ஸ்டூலைப் பற்றியதில் துணிக்கட்டும் அவர்மேல் விழுந்தது. ஓடிப்போய் முதலில் எதைத் தூக்கினேன் தெரியுமா? துணிக்கட்டை. கஸ்டமர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பக்கவாதம் என்றார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டாள் என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன்.

பொங்கல் கழிந்து ஆப்பிள் பையோடு கீரப்பாளையம் போனேன். கட்டிலில் கிடந்தார், வலது பக்கம் அசையவில்லை. மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அக்கா இடது கையை ஆட்டி அதை எடுக்கச் சொன்னார். கோணிய வாயிலிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"நிக்கட்டும்... மூச்சு வுடட்டும்... சரியாப் பூடும்."

மகள் நாற்காலியை உள்ளே எடுத்துப் போய்விட்டாள். நின்றேன். அரை மணி நேரம் இருக்கும். அக்கா கண்ணை என்மேலிருந்து எடுக்கவே இல்லை. அவமானத்தில் உடம்பு எரிந்தது. இனி யாருக்கும் அப்படிச் சொல்வதில்லை என்று திரும்பும் பஸ்ஸில் எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

இப்போது எனக்கும் பிரஷர். அக்கா நின்ற இடத்தில் குமராட்சியிலிருந்து வரும் ஒரு பெண் நிற்கிறாள். பக்கத்தில் அதே சிவப்பு ஸ்டூல், அதன்மேல் கட்டு. நேற்று அவள், "செத்த உக்காந்துக்கட்டுமா சார்?" என்று கேட்டாள். நான் முதலாளி மேலே மாட்டிவைத்திருக்கும் கேமராவைப் பார்த்தேன்.

"மூச்ச இழும்மா," என்றேன்.