துரை வரலாற்றின் நான்காம் அத்தியாயம்

அந்தப் புத்தகத்தின் அட்டையில் ஒரு படம் இருந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவர் பாறைமேல் உட்கார்ந்திருப்பார். அவர் முழங்காலில் சாய்ந்தபடி ஒரு மலைக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். வரைந்தவன் கொல்லிமலையைக் கண்ணால் கண்டவன் இல்லை. பின்னணியில் வரிசையாகத் தென்னை மரங்களைப் போட்டு வைத்திருந்தான். படத்துக்குக் கீழே என் பெயர் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.

மலைக்காரர்கள் தங்கள் ஊர்க்கூட்டங்களை நாடு என்பார்கள். நான் அப்போது வாழவந்தி நாட்டில் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரே அறை, ஒரே வாத்தியார். மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. அடிவாரத்திலிருந்து நடந்துதான் ஏறவேண்டும். ஏற முடியாத அதிகாரிகளை மலைக்காரர்கள் நாலு பேர் டோலியில் தூக்கி வருவார்கள். பள்ளி இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் வந்து இறங்கினார்.

"சேலத்துல ஒரு பதிப்பாளர் பிள்ளைகளுக்காகப் பெரிய மனிதர்கள் வரலாற்றைச் சின்னச் சின்னப் புத்தகமாப் போடறார். இந்த மலைக்கு நடைபாதை வெட்டின துரையைப் பத்தி ஒண்ணு வேணுமாம். உமக்கு எழுத்து வரும்னு கேள்வி. எழுதிக் கொடும்" என்றார்.

அந்தத் துரை முப்பது வருஷத்துக்கு முன்பு வன இலாகாவில் பெரிய அதிகாரியாக இருந்தவர். கீழே டவுனில் ஒரு தெருவுக்கே அவர் பெயர் வைத்திருந்தார்கள். என் எழுத்து அச்சில் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் நான் உடனே ஒப்புக்கொண்டேன்.

செம்மேட்டுச் சந்தைக்கு வாரா வாரம் போய், வயதானவர்களைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். நல்லதாகவே சொன்னார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க மலையில் குளிர் காய்ச்சல் அடித்ததாம். துரை ஊர் ஊராக நடந்து போய்க் கொய்னா மாத்திரை கொடுத்தாராம். கசப்பு தாங்காமல் துப்பிவிடுவார்கள் என்று, விழுங்கும் வரை எதிரிலேயே நிற்பாராம். நடக்கமாட்டாத ஒருவரைத் தன் குதிரையில் ஏற்றிவிட்டு, தான் சேற்றில் நடந்து வந்தாராம். நான் உற்சாகமாக எழுதினேன். பிறப்பும் படிப்பும் முதல் அத்தியாயம், மலைப்பாதை இரண்டாவது, காய்ச்சல் மூன்றாவது. முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

என் பள்ளியில் தேவனூர் நாட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி படித்தாள். பதினொரு வயது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தாள். ஊருக்குப் போய்விட்டு வந்த ஒரு நாள், "சார், எங்க அத்தை உங்கள ஊட்டுக்கு வரச் சொன்னாங்க. துரையப் பத்தி எழுதறீங்களாமே, அதுக்காவ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவனூருக்குப் போனேன். அத்தைக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இறந்த பிறகு தம்பி வீட்டில், அதாவது அந்தப் பெண்ணின் அப்பா வீட்டில், இருந்தவர். சாமை குத்திக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, உலக்கையை நிறுத்தாமலே பேசினார்.

காய்ச்சல் வந்த மறு வருஷம் காட்டைச் சர்க்கார் ரிசர்வ் என்று சொல்லிச் சுற்றிலும் எல்லைக் கல் நட்டார்களாம். இவர்கள் கொத்தி விதைத்து வந்த சரிவும், அதை ஒட்டிய பதினோரு குடிசைகளும் கல்லுக்கு உள்ளே போய்விட்டன. காலி செய்யச் சொன்னார்கள். யாரும் போகவில்லை. ஒரு நாள் காலையில் துரையே வனக் காவல் கார்டுகளோடு வந்து நின்று கூரைகளுக்குத் தீ வைக்கச் சொன்னார். இந்த அம்மாளுக்கு அப்போது பிள்ளை பிறந்து ஒன்பது நாள்.

"எங்க ஊட்டுக்காரரு அந்தக் கொய்னாவுலதான் பொழச்சவரு. துரைக்கு அவரு பேரு ஞாபகம் இருந்துச்சுங்க. பேரச் சொல்லிக் கூப்ட்டு, சாமானெல்லாம் எடுத்துக்கன்னாரு. அப்புறம் வெச்சாங்க" என்றார்.

மூன்று நாள் ஒரு பாறை இடுக்கில் கிடந்திருக்கிறார்கள். தூறல் விடவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை குளிரில் போய்விட்டது.

அவர் முறத்தை எடுத்துப் புடைத்துவிட்டுச் சொன்னார்: "அவரு குடுத்த மாத்தரையில எம்புருசன் பொழச்சாரு. இல்லீன்னு சொல்லமாட்டேன். அவரு வெச்ச நெருப்புல எம்புள்ள போச்சு. எழுதறதுன்னா ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண மட்டும் எழுதறதுன்னா, நான் சொன்னத மறந்துருங்க."

"ரெண்டையும் எழுதறேனுங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

எழுதினேன். அதுதான் நான்காம் அத்தியாயம். மற்ற மூன்றையும் விட அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. கட்டி அனுப்பினேன்.

சில மாதம் கழித்துத் தலைச்சுமையாக ஒரு கட்டு வந்து சேர்ந்தது. என் பள்ளிக்கு இருபது பிரதிகள். பிரித்துப் பார்த்தேன். மூன்று அத்தியாயம் இருந்தது. நான்காவது இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், 'துரை மலைமக்களைத் தம் சொந்தப் பிள்ளைகளைப் போல் நேசித்தார். அவர்களும் அவரைத் தந்தையாகவே போற்றினர்' என்று நான் எழுதாத நாலு வரி. கூடவே பதிப்பாளர் கடிதம். தீ வைத்த செய்தி சிறுவர் மனத்தில் குழப்பத்தை உண்டாக்கும் என்பதால் நீக்கியிருக்கிறாராம். நடை வெகு அழகாக இருந்ததாம்.

குழப்பமாம். என் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் அப்பன்மார்தான் அந்த ரிசர்வில் விறகு ஒடித்ததற்காகக் கார்டிடம் அடி வாங்கியவர்கள். அவர்கள்தான் இன்ஸ்பெக்டரை டோலியில் தூக்கியவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இதில் என்ன குழப்பம்? குழப்பம் சேலத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்கு. அவருடைய குழப்பத்துக்காக ஒரு குழந்தையின் சாவை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தகப்பன் பாசத்தை வைத்து, அதன் கீழ் என் பெயரையும் போட்டுவிட்டார்.

இப்படியெல்லாம் எழுதி ஒரு கடிதம் தயார் செய்தேன். அனுப்பவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதை அடுப்பில் போட்டேன். அவரை மட்டும் திட்டிக்கொண்டிருக்க எனக்கு யோக்கியதை இல்லை.

இன்னும் கேவலமான காரியம் ஒன்று செய்தேன். புத்தகம் வந்த செய்தி தெரிந்து அந்த அம்மாள் சொல்லி அனுப்பினார். போனேன். படித்துக் காட்டினேன். மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. அவர் காத்திருந்தார். கடைசித் தாளில் அந்தப் பதிப்பாளரின் மற்ற புத்தகங்களுக்கு விளம்பரம் இருந்தது. நான் அந்த விளம்பரத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, என் நான்காம் அத்தியாயத்தை நினைவிலிருந்து சுருக்கி ஒப்பித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு எழுத்து தெரியாது என்ற தைரியம்.

"அச்சுல வந்துருச்சுங்களா?" என்று கேட்டார்.

"வந்துருச்சுங்க."

"ஒண்ணு குடுத்துட்டுப் போங்க. ஊட்டுல இருக்கட்டும்."

கொடுக்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்துவிட்டு வந்தேன். விடுமுறைக்கு அந்த வீட்டுக்கு வருகிற, படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை உண்டு, அதற்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் செம்மேட்டுச் சந்தையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே அவர் நேராக என்னிடம் வந்தார். கையில் புத்தகம். குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க வாத்தியாரே, எம்புள்ள இதுல எந்தப் பக்கத்துல இருக்குது?"

புத்தகத்தை விரித்து என் முன்னால் நீட்டினார்.

"காட்டுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, விரல வெச்சுக் காட்டுங்க. தொட்டுப் பாத்துக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிவாரத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "அவங்க எடுத்துட்டாங்கம்மா" என்றேன்.

"அவங்க எடுத்தாங்க. நீங்க எதுக்குங்க இருக்கறாப்பல படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்கு யார்மேல் கோபம் வந்தது தெரியுமா? அந்தப் பெண் பிள்ளைமேல். வாய்ப்பாட்டில் ஓர் எண் தடுமாறினாள் என்று வெளியே நிற்க வைத்தேன். வெகு நேரம் நின்றாள். கடைசியில் வாசலில் இருந்தபடியே மெதுவாகக் கேட்டாள்: "சார், அன்னிக்கு அத்தைக்கு நான் தப்பாப் படிச்சுட்டனுங்களா? எழுத்துக் கூட்டி ரெண்டு வாட்டி பாத்தேனுங்க. புள்ள கதை அதுல இல்லீங்க சார்."

"சரியாத்தான் படிச்ச, கண்ணு. உள்ள வா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கே ஆரம்பித்தேன். நான்காம் அத்தியாயத்தைக் கையால் இருபது முறை எழுதினேன். அந்த நாலு பொய் வரியை ஒவ்வொரு பிரதியிலும் மையால் அடித்தேன். எழுதிய தாள்களைக் கோணி ஊசியால் தைத்துப் புத்தகத்தோடு சேர்த்தேன். விரலெல்லாம் குத்துப்பட்டது. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. எல்லாம் முடிந்ததும் தேவனூருக்குப் போய், அந்த அம்மாளின் பிரதியிலும் தைத்துக் கொடுத்து, அந்தப் பெண்ணையே படிக்கச் சொன்னேன்.

அம்மாள் கேட்டுக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"நான் அழுதேன்னு இருக்குதா?"

"ஆமாங்கத்தை. கதறி அழுதாள், வானமும் அழுததுன்னு இருக்குது" என்றாள் பெண்.

"நான் அழுவலீங்களே" என்றார் என்னைப் பார்த்து. "அழறதுக்கு நேரம் ஏதுங்க? ஈர வெறகப் பத்த வெக்கப் பாத்துட்டு இருந்தேன். புள்ளைக்குச் சூடு காட்டோணும்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், இதிலும் குற்றமா என்று. அந்தக் கோபம் அதிக நேரம் நிற்கவில்லை. அவர் வாழ்க்கையைப் பதிப்பாளர் ஒரு விதமாகத் திருத்தியிருந்தார், நான் வேறு விதமாகத் திருத்தியிருந்தேன். அவ்வளவுதான். அங்கேயே அந்த வரியை அடித்து, ஈர விறகை எழுதினேன். திரும்பி வந்து மற்ற பத்தொன்பதிலும் மாற்றினேன்.

பிறகு வகுப்பில் படித்தோம். படித்து முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "சார், அவரு நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்டான். பின்வரிசையில் இருந்த இன்னொருவன், "ரெண்டுந்தான். எங்கப்பாருகூட மரமேறிப் பலாப்பழம் பறிச்சுத் தருவாரு. கள்ளு குடிச்சா எங்கம்மாளப் போட்டு அடிப்பாரு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பாடத்துக்குப் போனோம். இந்தக் குழந்தைகளைத்தான் குழப்பத்திலிருந்து காப்பாற்றப் போகிறேன் என்று ஒருவர் கடிதம் எழுதியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது அலமாரியில் கைவைத்தார். ஒரு பிரதியைப் புரட்டினார். தையலைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன ஓய் இது?"

"நான் எழுதினதுதானுங்க சார். விட்டுப்போனதச் சேத்தேன். இங்க இருக்கற பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச விஷயந்தான்."

"தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். புத்தகத்துல இருக்கப்படாது."

பத்தொன்பது பிரதிகளையும் கட்டி டோலியில் தன் காலடியில் வைத்துக்கொண்டு இறங்கினார். தூக்கிப் போனவர்களில் இருவர் என் மாணவர்களின் தகப்பன்மார். அந்த மாதமே எனக்கு அடிவாரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தேவனூரில் இருந்த ஒரு பிரதியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

கீழே வந்து சில வருஷம் போனது. சுதந்திரம் எந்நேரமும் வந்துவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் கதர்ச் சட்டை போட்ட ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவரும் சிறுவர்களுக்குப் புத்தகம் போடுகிறவர். நான் மாற்றலான கதையைக் கேள்விப்பட்டு, என்னைத் தியாகி என்று கூப்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தாலும் மகிழ்ச்சியாகவும் இருந்தது. நான்காம் அத்தியாயம் நினைவிருக்கிறதா என்றார். எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். மற்ற மூன்றும் கூட.

"அந்தக் கொய்னா கதை வேண்டாங்க. இந்த நேரத்துல வெள்ளைக்காரனுக்கு நாமளே நற்சாட்சி குடுக்கறதா? பசங்களுக்குத் தெளிவா இருக்கோணும்" என்றார்.

அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னேன். இரண்டையும் எழுதச் சொன்னவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்றேன்.

"பாவம், அந்தம்மாளுக்கு அரசியல் தெரியாதுங்க" என்றார்.

அன்றைக்குச் சேலத்துக்கு எழுதி அடுப்பில் போட்ட கடிதம் முழுவதையும் இவர் முகத்துக்கு நேரே சொன்னேன். வாசலைக் காட்டினேன். என்னை வெள்ளைக்காரன் அடிவருடி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் புத்தகம் நின்றுவிடவில்லை. மலைக்கு ஒரு தடவைகூட ஏறாத யாரையோ பிடித்து எழுத வைத்துவிட்டார். அதில் துரைக்குக் காய்ச்சலும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. டவுன் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளை உட்கார வைத்து அதைப் படிக்க வைத்தார்கள். ஒரு வாரம் நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். படித்து முடிந்ததும் எழுந்து நின்று, விட்டுப்போனதைச் சொன்னேன். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். ஒருத்தி அந்த மாத்திரை எவ்வளவு கசக்கும் என்றுகூடக் கேட்டாள். நடத்துகிறவர் என்னை வெளியே அழைத்துப் போய், இனிமேல் வரவேண்டாம் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.