ஒட்டாத சந்தனம்

அது என் ஆராய்ச்சியின் ஐந்தாவது வருடம். கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் ஒட்டாத பூச்சு பூசுவதுதான் என் வேலை. என் பூச்சில் சொட்டு விழுந்தால் சாவகாசமாகப் படுத்துக்கொள்ளும். மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஜூனியர் பெண்ணோ, சேர்ந்த ஒரே வருடத்தில் சாதித்துவிட்டாள். அவள் கண்ணாடியில் சொட்டு நிற்காமல் உருண்டு ஓடியது. கண்ணுக்கே தெரியாத சிலிக்கா துகள்கள் மேடும் பள்ளமுமாக நிற்கும். பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். தண்ணீர் மேடுகளின் நுனியை மட்டுமே தொடும். இதையெல்லாம் நானும் எத்தனையோ கருத்தரங்குகளில் ஒப்பித்தவள்தான். செய்து காட்டியவள் அவள். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்?

எங்கள் தர்மபுரி கல்லூரியில், ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள் லேபில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். தராசு, ஹீட்டர், மைக்ரோஸ்கோப், தண்ணீர்க் கேன் எதுவும் தப்பாது. அந்த வருடம் சந்தனக் கிண்ணம் என் கையில். அவள் பழம் வாங்கப் போயிருந்தாள். லீவு முடிந்ததும் வெளியூரிலிருந்து வரும் பேராசிரியரிடம் காட்ட வேண்டிய அவளுடைய கண்ணாடி மேசை மேல் இருந்தது. விரல் பட்டால் அந்த மேடுகள் நொறுங்கிவிடும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

மெல்ல ஒரு பொட்டு வைத்தேன். தண்ணீராகக் கரைத்த சந்தனம் சுருண்டு நழுவியது. சந்தனம்கூட ஒட்டவில்லை என்றதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, மேலே குங்குமமும் வைத்தேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திரும்பி வந்தவளின் முகம் மாறிவிட்டது. “என்னங்கக்கா, இதுக்குமா பொட்டு?”

“எல்லாத்துக்கும் வெக்கறதுதானே” என்றேன்.

கழுவிவிட்டு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அந்த இடத்தில் அது என் பூச்சில் படுப்பதுபோலவே படுத்துக்கொண்டது.

“சாமிக்குன்னுதான வெச்சீங்க, வுடுங்க. இன்னொண்ணு போட்டுக்கறேன்.”

இன்னொன்று! ஒன்றுக்கே நான் ஐந்து வருடமாகத் தவம் கிடக்கிறேன். அவள் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

லீவு முடிந்த அன்று விடிந்ததும் வந்து, பேராசிரியர் வருவதற்குள் புதிதாகப் பூசிக் காயவைத்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டு டிராப்பரை நீட்டினாள். “மொதல்ல நீங்க வுட்டுப் பாருங்கக்கா.”

ஒரு சொட்டு விட்டேன். அவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்க, ஒட்டிக்கொள், ஒட்டிக்கொள் என்று அப்போதும் என் மனம் அந்தச் சொட்டைக் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தது.