ஓர் இதழ் குறைந்த தாமரை

போன தீபாவளிக்கு எங்கள் அப்பார்ட்மெண்ட் லாபியில் நான் போட்ட அரிசிக் கோலம், இன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றில் ஸ்டிக்கராகத் தொங்கியது.

என்னுடையதுதான், சந்தேகமே இல்லை. மூன்று மூலைத் தாமரைகளுக்கும் எட்டு இதழ். நான்காவதற்கு மட்டும் ஏழு. அன்று சிவப்புச் சாயம் போட்ட அரிசி தீர்ந்துவிட்டது. இணையத்தில் நான் போட்ட படத்தை யாரோ அப்படியே எடுத்து அச்சடித்திருக்கிறார்கள்.

"அண்ணே, இது என்னோட கோலம். யாரைக் கேட்டு பிரிண்ட் பண்ணீங்க?"

கடைக்காரர் முகம் வெளுத்தது. "சப்ளையர் கொண்டாந்து போட்டதும்மா. சத்தியமா எனக்குத் தெரியாது லா."

காப்புரிமை, வக்கீல் நோட்டீஸ் என்று நான் ஆரம்பிப்பதற்குள், பக்கத்தில் கைத்தடியோடு நின்ற ஆன்டி ஒருவர் அதே ஸ்டிக்கரை உருவினார்.

"எனக்கு இதான் வேணும். ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணியாச்சு, குனிஞ்சு கோலம் போட முடியல. மத்ததெல்லாம் மெஷின் போட்ட மாதிரியே இருக்கு. இதுல பாரு, ஒரு இதழ் கொறையுது. யாரோ கையால போட்டிருக்காங்க."

"நான்தான் ஆன்டி போட்டேன்."

கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் வேறு மாதிரி வந்தது.

ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கவுண்டரில் கிடந்த மார்க்கர் பேனாவை எடுத்து நீட்டினார்.

"அப்ப உன் பேரை இதுல எழுதிக் குடும்மா. வாசல்ல யாரு போட்டதுன்னு கேட்டா நான் சொல்லணும்ல."

எழுதிக் கொடுத்துவிட்டேன், அந்த ஏழு இதழ்த் தாமரைக்குக் கீழேயே.

வக்கீல் நண்பர்களே, திருட்டுக் காப்பியில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இனி என் கேஸ் நிற்குமா?