வலது பக்கத்தில் குத்திய பதக்கங்கள்

என் வீட்டுக்காரர் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்ததும் குற்றாலத்தில்தான் வீடு கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அருவிச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருமாம். ஆயுசில் பாதியைக் கப்பலின் என்ஜின் அறையில் கழித்த மனுஷனுக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. எனக்கோ சீசன் வந்தாலே எரிச்சல். துணி காயாது, சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும், எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் குளிக்க வந்து நிற்கும்.

மறதி நோய் வந்த பிறகு அந்தச் சத்தம் அவரைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வரத்து கூடுகிற நாட்களில், தரை ஆடுகிற மாதிரி கால்களை அகட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நிற்பார். வெளியே சாரலில் மலையே மறைந்திருக்கும். கரை தெரிகிறதா என்று என்னிடம் கேட்பார். தெரிகிறது என்பேன். உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் பெற்ற மகனே யாரோவாகிப் போன பிறகும் என்னை மட்டும் கல்யாணமான நாள் முதல் கூப்பிடுகிறபடி 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டார். அது ஒன்று மிஞ்சினால் போதும் என்று இருந்தேன்.

சுதந்திர தினத்தன்று தென்காசியில் நடக்கும் கொடியேற்றத்துக்குப் பதக்கங்களோடு போவது அவர் வழக்கம். இந்த வருடமும் காலையிலேயே திருநீறு போட்டு மூன்றையும் தேய்த்தார். நெடுநாள் பணிக்கு ஒன்று, கடலில் இருந்த காலத்துக்கு ஒன்று, வெளிநாட்டுப் பணிக்கு ஒன்று. மூன்றும் ஒரே பட்டையில் தொங்கும். கை நடுங்கியதால் குத்திவிடச் சொல்லி என்னிடம் தந்தார். எதிரே நின்று குத்தியதில் பக்கம் மாறி, அவருடைய வலது மார்பில் குத்திவிட்டேன்.

சொந்தப் பதக்கத்தை இடப்பக்கம் அணிவார்கள். இறந்தவருடைய பதக்கத்தை வீட்டார் அணிந்தால் வலப்பக்கம். படையில் அதுதான் முறை.

குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாகத் தொட்டார். நான் மாற்றிக் குத்தக் கையை நீட்டுவதற்குள் அவரே கழற்றிவிட்டார். இப்போது கை நடுங்கவில்லை. என் சேலையின் வலது தோளில் நிதானமாகக் குத்தினார்.

"மதினி, அண்ணாச்சி சாமானெல்லாம் பின்னால வருது. இத மட்டும் என் கையில குடுத்துவிட்டாங்க. இனி காத்துக்கிட்டு இருக்காதீங்க."

கப்பலில் கூட வேலை பார்த்தவர்களின் மனைவிமாரைத்தான் அவர் மதினி என்பார். என் முகத்தைப் பாருங்கள், நான் உங்கள் பொண்டாட்டி என்று சொல்லித் தோளைப் பிடித்து உலுக்கினேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

"தெரியும் மதினி. அவரு ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருப்பாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு சாரலில் இறங்கினார். சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்கள் கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள். அவரும் சொல்லவில்லை. ஓடிப்போய் வாசலில் கையைப் பிடித்தேன். அடுத்தவன் மனைவியிடமிருந்து விலகுவது போல, மரியாதையாகத் தன் கையை விடுவித்துக்கொண்டார்.