மச்சான் ஜன்னலுக்கு வெளியே

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பாகூரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன் நான். மூச்சிரைத்ததெல்லாம் அண்டா தூக்கியதால்தான் என்று நம்பியிருந்தேன். இதய வால்வு (ரத்தம் திரும்பி வராமல் தடுக்கும் கதவு) பழுதாகியிருந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து மாற்றினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என் மனைவி செல்வியிடம் சொன்னார்: "இவரு ஹார்ட்டையும் லங்ஸையும் நிறுத்திட்டு, மெஷின் வழியா ரத்தத்த ஓட்டினோம். அப்போ எதிரி வந்துட்டான்னு ஒடம்புல இருக்கற எதிர்ப்பு அணுவெல்லாம் ஒரேயடியா சண்டைக்குக் கிளம்பிடும். அப்புறம் அசந்து கெடக்கும். கொஞ்ச நாளைக்குச் சளி, காய்ச்சல் உள்ளவங்கள கிட்ட விடாதீங்க."

அன்று முதல் செல்வி வாசலில் நாற்காலி போட்டுவிட்டாள். சோரியாங்குப்பத்திலிருந்து அவள் அண்ணன் சாத்துக்குடியும் இருமலுமாக வந்தான்.

"ஏ செல்வி, நான் உன் கூடப் பொறந்தவன்டி!"

"கிருமிக்கு அதெல்லாம் தெரியாதுண்ணா. ஜன்னலாண்ட போய் நில்லு."

நின்றான். ஒவ்வொரு இருமலுக்கும் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் எலும்பு வலித்தது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தேன்.

சில நாள் கழித்துச் செல்வியே தும்மினாள். பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். இருமல் நின்றிருந்த மச்சான் உள்ளே வந்து ரசம் வைத்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று, "உப்பு போட்டியா?" என்று கத்தினாள்.

அந்த வாரமே எனக்குக் குளிர்காய்ச்சல். தையலின் அடிப்பக்கம் சிவந்து நீர் கசிந்தது. மச்சான் காரில் ஏற்றினான். செல்வி பின்னால் தனி ஆட்டோவில் வந்தாள். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார். "கிருமி எலும்புக்குப் போகல. சீக்கிரம் வந்தீங்க."

கதவருகே முகக்கவசத்தோடு நின்ற செல்வி அழுதாள். "என் தும்மலா டாக்டர்?"

"இல்லம்மா. இது அவரு தோல்லயே எப்பவும் இருக்கற கிருமி. காவல் அசந்ததும் உள்ள பூந்துடுச்சி."

"அப்ப நான் வாசல்ல காத்ததெல்லாம்?"

"அதுவும் வேணுந்தாம்மா."

"அப்ப கிருமி உள்ளூர் ஆளுதான்" என்றான் மச்சான்.

நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள், புண் ஆறியது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால், வாசலைக் காப்பதோடு தையலையும் தினமும் பாருங்கள்.

இப்போது கடைக்குப் போகிறேன். அண்டாவை மற்றவர்கள் தூக்குகிறார்கள். புது வால்வு மூடும்போதெல்லாம் டக் என்று ஒலிக்கும். கூட்டமில்லாத ஒரு மத்தியானம், குடம் வாங்க வந்த அம்மா காது கொடுத்துக் கேட்டார்.

"இன்னாண்ணே, வாட்ச் சத்தமா? மணி எவ்ளோ?"

"மணி தெரியாதும்மா," என்றேன். "ஓடிக்கினு இருக்குது."