பிரேமாவதி மறுத்த டிரா

பீடோங் ஊரில் பள்ளி வேன் ஓட்டும் பிரேமாவதிக்குக் கைப்பேசியில் மூன்று நிமிடச் சதுரங்கம் என்றால் உயிர். ஆளுக்கு மூன்றே நிமிடம். அதற்குள் எதிராளியின் ராஜாவைப் பிடிக்க வேண்டும், நேரம் தீர்ந்தால் தோல்வி. பள்ளி விடும்வரை வேனிலேயே உட்கார்ந்து, முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களின் ராணிகளை இரக்கமில்லாமல் வெட்டித் தள்ளுவாள். மணி அடித்தது தெரியாமல் ஆடி, பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டிய நாளும் உண்டு.

அத்தனை வெட்டியும் அவளுடைய புள்ளிகள் மட்டும் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தன. அதைச் சொல்லிச் சிரிப்பதற்கென்றே கணவனின் தம்பி தயாளன் இருந்தான். பக்கத்து ஊர்களோடு நடக்கும் இணையப் போட்டிக்குப் பீடோங் குழுவைச் சேர்ப்பவனும் அவன்தான். குழுவில் ஓர் இடம்தான் பாக்கி. பிரேமாவதி அதை வாய்விட்டுக் கேட்டாள். வாழ்க்கையில் தனக்கென்று அவள் கேட்ட முதல் பொருள் அது.

“அண்ணி, இது என்ன உங்க வேனா, யார் வேணும்னாலும் ஏறிக்க? அந்த இடத்துல நான் ஆடலாம்னு இருக்கேன். அடுத்த மாசம் என்னை ஜெயிச்சிட்டு எடுத்துக்குங்கலா,” என்றான் அவன்.

ஆத்திரத்தில் அவள் செய்த முதல் நல்ல காரியம், கண்டபடி ஆடுவதை நிறுத்தியது. தன் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஜெயிக்க வேண்டிய ஆட்டமெல்லாம் டிராவில் முடிந்திருந்தது. தோற்கப்போகிறவன் ‘டிரா வைத்துக்கொள்ளலாமா, ஆளுக்குப் பாதிப் புள்ளி’ என்று கேட்பான். இவள் உடனே சரி என்று அழுத்திவிடுவாள்.

அவள் வளர்ந்த தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒருவர் கைநீட்டிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது பெரிய மரியாதைக் குறைச்சல். பக்கத்து வீட்டுக் கூழோ, அழுகத் தொடங்கிய பலாச்சுளையோ, வாங்கிக்கொள்ள வேண்டும். நடராஜாவை மாப்பிள்ளை என்று கொண்டுவந்து நிறுத்தியபோதும் அப்படித்தான் வாங்கிக்கொண்டாள்.

பயிற்சி தொடங்கியது. வேனில் காத்திருக்கும் நேரமெல்லாம் சதுரங்கப் புதிர்கள் மட்டும். ஒரே தொடக்க ஆட்டம், விரல் தானாகப் போகும்வரை. வீட்டில் வேறொரு பயிற்சி.

“கோப்பி கலக்கட்டுமா?” என்றான் நடராஜா.

“வேணாம்.”

“ஏன், உடம்பு சரியில்லையா?”

“வேணாம்னு சொல்லிப் பழகுறேன்லா. நீங்க கேட்டுக்கிட்டே இருங்க.”

பாவம் அந்த மனுஷன், மாதம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தான். நாக்கு கோப்பிக்கு ஏங்க, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தயாளன் அவன் வீட்டிலிருந்தும் பிரேமாவதி தன் வீட்டிலிருந்தும் மோதினார்கள். பாதி ஆட்டத்தில் அவனுடைய யானை ஒன்று வீணாகப் போனது. அடுத்த நொடியே திரையில் வந்தது: டிரா? அவள் விரல் பழைய புத்தியோடு ‘சரி’யை நோக்கி நகர்ந்தது.

“கோப்பி?” என்றான் அடுப்படியிலிருந்து நடராஜா.

“வேணாம்!” என்று கத்தினாள். விரலும் மறுப்பை அழுத்தியது.

தயாளன் மறுபடி கேட்டான். மறுபடி வேண்டாம். அண்ணியா மறுக்கிறாள் என்று திகைத்து உட்கார்ந்தவனுக்கு நேரமே தீர்ந்துபோனது. பிரேமாவதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சற்று நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். மனைவி சுட்ட முறுக்குப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு தயாளன் நின்றான்.

“ஜெயிச்சிட்டீங்க அண்ணி, ஒத்துக்கிறேன். ஆனா எனக்குத்தானே அனுபவம்? அந்த இடத்துல ஆளுக்குப் பாதி ஆட்டம் ஆடுவோம்லா. ரெண்டு பேருக்கும் நல்லது.”

பிரேமாவதி இரண்டு கையாலும் முறுக்கை வாங்கிக்கொண்டாள்.

“முறுக்கு மட்டும் போதும் தம்பி,” என்றாள். “உள்ள வாங்க, உங்க அண்ணன் கோப்பி கலக்குவாரு. எனக்கும் சேர்த்து.”