மட்டிப்பழம் தின்ற எலிகள்

அந்த ஆறு எலிகள் மெலியாமல் இருந்தே என் உயிரை எடுத்தன. 2009-ல் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். நான் சோதித்தது, உடம்பு ஒரு கெட்ட புரதத்தைச் செய்யாமல், அதற்கான மரபணுச் செய்தியிலேயே ஒட்டிக்கொண்டு தடுக்கும் 'ஆன்டிசென்ஸ்' மருந்தை. எலியின் வால் நரம்பில் அந்த மருந்தை ஏற்றி, எந்த அளவில் தீங்கு தொடங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. அளவைத் தப்பாக எழுதினால், நாளைக்கு அது மனிதருக்கு ஏறும்.

கூடுதல் மருந்து ஏறிய ஆறுக்கும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தன. எடை மட்டும் அசையவில்லை. "எடை நிக்குதுன்னா மருந்துல குத்தமில்ல. நீ ரத்தம் எடுக்க லெச்சணம் அப்பிடி" என்றார் பேராசிரியர். மூன்று வாரம் திரும்பத் திரும்ப எடுத்தேன். நரம்பு புடைக்க வாலை வெந்நீரில் முக்கி முக்கி என் விரல்தான் வெந்தது. வெறுத்துப்போய், அந்த அளவு பாதுகாப்பானது என்றே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அன்று கூடு மாற்றும்போது உமிக்குள் ஒரு மட்டி வாழைப்பழத் தோல் கிடந்தது.

கூடுகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா பூதப்பாண்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கேட்டதும் மறைக்கவே இல்லை.

"நீங்க ஊசி போட்டுட்டுப் போயிருவிய சாரே. அதுக தீனியத் தொடாம சுருண்டு கெடக்கும். பாத்துட்டு எப்பிடி வீட்டுக்குப் போக? பழம்னா தின்னும்."

"எல்லாத்துக்குமா குடுத்திய?"

"துள்ளி நடக்கதுக்கு எதுக்கு? சீக்கு பிடிச்சதுக்குத்தான்."

விரல் நீட்டிக் காட்டினார். என் நோட்டில் இருந்த அதே ஆறு கூடுகள்.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல வந்தது. எனக்கும் பேராசிரியருக்கும் நடந்த சண்டைக்கெல்லாம் பதில் இவருடைய பழப்பையில் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னாரா? நான்தான் ஒரு வார்த்தை கேட்டேனா?

"இனி இது ஒண்ணும் செல்லாது அக்கா. புதுசா இருபத்துநாலு எலி வாங்கணும். எல்லாத்துக்கும் ஊசி போட்டு, கடைசில கொன்னு ஈரலப் பாக்கணும். உங்க பழத்தால வந்தது!" என்று கத்திவிட்டேன். அவர் உமியை அள்ளினார்.

புது எலிகள் வந்த அன்று, "எந்தக் கூட்டுக்குக் கூடுதல் ஊசின்னு எங்கிட்டச் சொல்லாதீங்க சாரே" என்றார். சொல்லவில்லை. பத்தாம் நாள் அவரே வந்து, சீக்கு பிடிச்சது இதுகதான் என்று ஆறு கூடுகளைக் காட்டினார். நோட்டோடு ஒத்துப் பார்த்தேன், ஆறும் சரி. இந்த முறை எடையும் குறைந்திருந்தது.

அந்த அளவு ஆபத்தானது என்று எழுதினேன். அக்கா அந்தக் கூடுகளின் முன் வெறுங்கையோடு நின்றதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.